சுத்தமாக இருக்க வேண்டும்

மூன்றாவது முறையும் சொல்லாற்றி இயந்திரம் அவள் சொன்னதை ஆற வைத்துத்தான் வெளியே துப்பியது.

ஜெசிந்தா கண்ணாடிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழாம் வட்டத்துத் தெருக்குழாயில் காலை ஆறு மணிக்குப் பிடித்த தண்ணீர். மேலே பழுப்பாக ஓர் ஆடை. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். சாக்கடைக் குழாய் எங்கோ உடைந்து குடிநீரில் கலந்திருக்கிறது. பதினேழு வருடமாகத் தண்ணீர் சோதிப்பவளுக்கு அதைச் சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை.

"ஏழாம் வட்டத் தண்ணீர் விஷம். உடனே மதகை மூடணும்" என்றுதான் அவள் சொன்னாள். சொல்லாற்றி அதை இங்கிலீஷில் இப்படி எழுதியிருந்தது: ஏழாம் வட்டத் தண்ணீர் சிலருக்குச் சற்றே பொருந்தாததாக இருக்கலாம், ஆயினும் பெரும்பாலும் ஏற்கத்தக்கதாகவும் இருக்கக்கூடும்.

அலைநகரில் மூன்று லட்சம் பேர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்வது மதகன் என்ற இயந்திரம். அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். ஆலையிலிருந்து எவர் எதைச் சொன்னாலும், ஊருக்கு விடும் அறிவிப்பு உட்பட, முதலில் சொல்லாற்றிக்குள் போய்த்தான் வர வேண்டும். நாளை வழக்கு வந்தால் எந்த வாக்கியமும் ஆலையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக வாங்கிய கருவி அது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு பழி வரும் என்று ஒரு பொறுப்பெண் போடும். எண் மூன்றைத் தாண்டினால் 'மஸ்ட்' இருந்த இடத்தில் 'மைட்' வைக்கும். 'விஷம்' இருந்த இடத்தில் ஒரு சவசவத்த பெயரடை வைக்கும். அதுவும் போதாவிட்டால் கடைசியில் ஓர் 'ஆல்தோ'வோ 'அன்லெஸ்'ஸோ ஒட்டித் தப்பி ஓடப் புறவாசல் திறந்து வைக்கும்.

குழாயை எடுத்துக்கொண்டு அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

ஆளவந்தார் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அதை மூடும்மா முதல்ல."

"மூடச் சொல்லித்தான் சார் வந்திருக்கேன். மதகை."

"இயந்திரம் என்ன எழுதுது?"

"மைட் பி-ன்னு எழுதுது. அந்த மைட்டைப் படிச்சிட்டு மதகன் மூடாம, கொஞ்சம் குறைச்சு மட்டும் வச்சிருக்கு. கைச்சக்கரத்துச் சாவியைக் குடுங்க, நானே போய் மூடிடறேன்."

"கையால மூடினா அது நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒரு வட்டம் முழுக்க வழக்குப் போடும்." மேசை மேலிருந்த துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டார். அவர் பேச்சில் எப்போதும் ஒரு வழுவழுப்பு உண்டு. பாசி பிடித்த தொட்டிக்குள் கை விட்டதுபோல அவளுக்கு இருந்தது. "சொல்ற விதத்துல சொன்னா எல்லாம் போகும். கெட்ட பெயரடை இருந்தாத்தான் எண் ஏறும். நல்ல பெயரடை போடுங்க. தண்ணி சுத்தமா இருக்க வேண்டும்னு சொல்லுங்க. அது விதி. விதியைச் சொன்னா யாருக்கு என்ன? மதகனும் புரிஞ்சுக்கும்."

அவள் திரும்பி வந்து அப்படியே சொன்னாள். "ஏழாம் வட்டத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும்."

பொறுப்பெண் பூஜ்யம். ஒரு சொல்கூடக் குறையாமல் 'மஸ்ட் பி க்ளீன்' என்று பச்சை விளக்கோடு போனது. ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது.

சுவரில் தண்ணீர் ஓட்டத்தைக் காட்டும் மானியில் ஏழாம் வட்டத்தின் முள் இறங்கும் என்று பார்த்தாள். அது ஏறியது.

ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. 'மஸ்ட்' பக்கத்தில் 'மூடு' என்று ஒரு செயல் வந்தால் அது கட்டளை. 'பி' போட்டு ஒரு பெயரடை வந்தாலோ, அது பெரும்பாலும் ஊகம். வெயிலில் வந்தவனைப் பார்த்து 'களைப்பாக இருக்க வேண்டும்' என்கிறோமே, அதுபோல. தமிழிலும் அப்படித்தான், அவள்தான் யோசிக்கவில்லை. தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று பதினேழு வருட அனுபவமுள்ள வேதியியலாளர் சான்று கொடுத்ததாக மதகன் படித்துக்கொண்டது. காலையிலிருந்த சந்தேகத்தால் குறைத்து வைத்திருந்த மதகை முழுதாகத் திறந்துவிட்டது.

அவள் படியிறங்கி ஓடினாள். மதகுக் கொட்டகையில் காவலர் கரீம் பாய் இருந்தார்.

"பாய், பூட்டை உடைங்க."

"சாவி ஐயாகிட்ட இருக்கே மேடம். உத்தரவு?"

அவள் குழாயை அவர் மூக்கருகே நீட்டினாள். கரீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்து இரண்டே அடியில் பூட்டைப் பெயர்த்தார். துருப்பிடித்த சக்கரம் லேசில் சுழலவில்லை. இருவரும் தொங்கித் தொங்கி அதைத் திருகி முடிக்கும்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது. பூட்டை முதலிலேயே உடைத்திருக்கலாம். வேலை போகும் என்று பயந்து உடைக்காமல் இருந்தாள். அந்த 'இருக்கலாம்' அதன் பிறகு அவளை விடவே இல்லை.

ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஆறு குழந்தைகள்.

மூன்றாம் நாள் ஆளவந்தார் மருத்துவமனைக்குப் போனார், ஜெசிந்தாவையும் வரச்சொன்னார். தாழ்வாரம் முழுக்க வாந்தியும் பினாயிலும் கலந்த வாடை. ஒரு கட்டிலருகே, மகளைப் பறிகொடுத்த முத்தழகி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கட்டில் காலி. ஆளவந்தார் சொல்லாற்றி எழுதிக் கொடுத்த ஆறுதலை விரித்து வாசித்தார்.

"தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு வருந்தத்தக்கதாக இருக்கலாம், எனினும்..."

முத்தழகி அழவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

அவர் படித்தார்.

"ஏற்பட்டிருக்கக்கூடிய?" என்று கேட்டாள். "எம்புள்ளய நேத்துப் பொதச்சேனே. அது நடந்துச்சா நடக்கலயா சார்?"

ஆளவந்தார் காகிதத்தைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, தாழ்வாரக் கடைசியில் இருந்த தொட்டிக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். ஜெசிந்தா தண்ணீர்கூட நீட்டவில்லை. அவர்மேல் இரக்கம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தன்மேலும் வரவில்லை.

விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. ஆலை சம்பந்தப்பட்ட வாக்குமூலம் எதுவானாலும் சொல்லாற்றி வழியாகவே பதிவாக வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்த சரத்து. அதைச் சேர்க்கச் சொன்னவரே ஆளவந்தார்தான். ஜெசிந்தா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். 'சாட்சி ஓரளவு கவலையுற்றிருந்திருக்கலாம்' என்று பதிவானது.

அடுத்து ஆளவந்தார் சாட்சிக் கூண்டில் ஏறினார். வழுவழுப்பு முற்றிலும் போயிருந்தது.

"நான்தான் காரணம். அந்தம்மா மூடச் சொன்னாங்க. நான் சாவியைக் குடுக்கல. அந்தப் பிள்ளைங்களை நான்தான் கொன்னேன்."

பொறுப்பெண் திரையில் விறுவிறுவென்று ஏறி ஒன்பதில் முட்டியது, சிவந்தது, பிறகு தணிந்தது. எழுத்தர் வாசித்தார்: "இயக்குநர், சில சூழல்களில், மறைமுகமாகத் தொடர்புடையவராகக் கருதப்படக்கூடும், ஆயினும் அதற்கு அவசியமில்லாமலும் இருக்கலாம்."

"அப்படி இல்லைய்யா!" அவர் கூண்டுக் கம்பியை அறைந்தார். "கொன்னேன்னு எழுது. கொன்னேன்!"

"கொன்றிருக்கக்கூடும்" என்று எழுத்தர் வாசித்தார்.

இருபது நிமிடம் அவர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். கத்திச் சொன்னார், கெஞ்சிச் சொன்னார். கடைசியில் ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "நீங்களாவது கையால எழுதிக் குடுங்கம்மா. உங்க எழுத்துல."

"கையெழுத்தை இங்கே எடுத்துக்கொள்வதில்லை" என்றார் விசாரணை அதிகாரி. அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்தது. பதிவைப் புரட்டினார். குற்றம் நடந்ததாக அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. தண்டிக்க யாரும் இல்லை. யாரும் செத்ததாகக்கூட உறுதியாக எழுதப்படவில்லை.

"நீங்கள் போகலாம்" என்றார்.

பின்வரிசையில் முத்தழகி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆளவந்தார் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார்.

"போகலாம்னா?" என்று கேட்டார். "போகணுமா சார்?"

எழுத்தர் பழக்கதோஷத்தில் அந்தக் கேள்வியையும் இயந்திரத்தில் போட்டார். 'போகக்கூடும், போகாமலும் இருக்கக்கூடும்' என்று வந்ததை மட்டும் ஏனோ அவர் சத்தமாக வாசிக்கவில்லை. அதிகாரி எழுந்து போனார். ஜெசிந்தா எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஆளவந்தார் கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாராவது தன்னைச் சிறைக்குள் தள்ள மாட்டார்களா என்பதுபோல நின்றுகொண்டிருந்தார். அவள் வாயில் ஊறியதைத் தெருவில் துப்பிவிட்டு நடந்தாள்.