துணி அடைக்காத துளை

கிக்கர் திருப்பித் தள்ளியது.

பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களுக்கு அது வழக்கம்தான். திருப்பி உதைக்கும், முழங்காலைப் பெயர்க்கும். அந்த ஒரு உதையை வைத்துக்கொண்டு ஓய்வுபெற்றவர்கள் பப்பில் ஒரு மாலையையே ஓட்டிவிடுவார்கள். மெர்வை நிறுத்தியது வேறு விஷயம். இந்த எஞ்சினுக்குள் பிஸ்டன் கிடையாது. அது மாடியில், சமையலறை மேசைமேல், செய்தித்தாளில் சுற்றியபடி ரொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

சிலிண்டரையும் அதன் மூடியான ஹெட்டையும் அவன் சும்மா மேலே ஏற்றி வைத்திருந்தான். கட்டி முடித்தால் வண்டி எப்படி நிற்கும் என்று பார்க்க ஆசை. உள்ளே வெறும் கூடு. மிதித்தால் லொடலொடவென்று அடிவரை போக வேண்டிய கிக்கர் பாதி தூரம் போனது. அப்புறம் மெத்தென்று ஏதோ தடுத்தது, தூங்குகிறவன் வயிற்றில் கால் வைத்த மாதிரி. பிறகு கோபமே இல்லாமல் அவன் பாதத்தை மெல்ல மேலே ஏற்றி விட்டது.

மெர்வ் காலை எடுத்துக்கொண்டான். தூக்கக் கலக்கம் என்று முடிவு செய்தான். அந்த வருடக் கரும்பு அரவைக் காலத்தில் அவன் எல்லாவற்றையும் அப்படித்தான் முடிவு செய்துகொண்டிருந்தான்.

இரவெல்லாம் சர்க்கரை ஆலையின் கொதிகலன் முன்னால் உட்கார்ந்து அளவுமானியின் முள்ளைப் பார்ப்பது அவன் வேலை. விடிந்ததும் வீடு. ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டிய அறையில் படுக்கை. அவன் எழும் நேரத்தில் மனைவி கார்லா பள்ளிக்கூடக் கேன்டீனிலிருந்து திரும்புவாள். அவள் படுக்கும்போது அவன் கிளம்புவான். ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கும் தம்பதி. குவீன்ஸ்லாந்தின் பழைய வீடுகளைப் போல அவர்கள் வீடும் உயரமான கால்களில் நின்றது. அடியில் காலி இடம். அங்கேதான், படுக்கையறைக்கு நேர் கீழே, வண்டி. சட்டகம் ஒரு ஊரிலிருந்து, டேங்க் இன்னொரு ஊரிலிருந்து, எஞ்சின் ஒரு கரும்புப் பண்ணை ஏலத்திலிருந்து. ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியும் என்ற ஒரே தகுதியில் ஐம்பத்து நான்கு வயதில் அவன் இதைத் தொடங்கியிருந்தான்.

ஆலையில் தேநீர் இடைவேளையின்போது கூட வேலை செய்யும் போஸ்கோவிடம் சொன்னான். போஸ்கோவிடம் மூன்று பழைய வண்டிகள் இருந்தன. அதில் ஒன்று ஓடவும் செய்தது.

"ஸ்பார்க் பிளக் ஓட்டை தொறந்தா கெடக்கு?"

"ஆமா. பிளக்க கழட்டி வச்சிருக்கேன்."

"துணி அடைக்கல?"

"எதுக்கு?"

போஸ்கோ கோப்பையைக் கீழே வைத்தான். "மாப்ளே, இந்த ஊர்ல ஒரு ஓட்டைய சும்மா விட்டா குளவி வந்து வாடகை இல்லாம குடியிருக்கும். குளவி இல்லன்னா தவளை. தவளை இருந்தா, அதத் தேடிக்கிட்டுப் பாம்பு."

"குளவி கால தள்ளுமா?"

"கட்ட விரல ஓட்டை மேல வச்சு அமுக்கிக்கிட்டு கிக்கர மிதி. காத்து தள்ளுச்சுன்னா எஞ்சின் நல்லாருக்குன்னு அர்த்தம்."

"பிஸ்டனே இல்லன்றேன்."

"அப்ப விரல எடுத்துட்டுப் போய்த் தூங்கு. செத்த மீன் மாதிரி முழிக்கிற. முள்ளுக்கு முன்னாடி நீ தலைய சாய்ச்சத ஃபோர்மன் ஏற்கனவே பாத்துட்டான். இன்னொரு தடவ பாத்தான்னா வீட்டுக்கு அனுப்பிடுவான்."

அது மெர்வுக்கும் தெரியும். கொதிகலன்காரன் கண் அசந்தால் போவது வேலை மட்டுமல்ல. பக்கத்தில் நிற்கும் எட்டுப் பேரும் சேர்ந்து போவார்கள்.

காலையில் கார்லா படியில் எதிரே வந்தாள்.

"தூங்குனியா?"

"இனிமேதான்."

"அந்த இரும்ப மேசையிலிருந்து எடு மெர்வ். பாதித் தூக்கத்துல அதுல வெண்ணெய் தடவப் பாத்தேன்."

"தடவியிருந்தா நல்லது. அதுக்கும் கொஞ்சம் வழவழப்பு வேணும்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவும் அவளுக்கு அலுப்பாக இருந்திருக்கும். கார் போயிற்று.

அவன் வீட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தான். வெல்லப்பாகு நாற்றம் காற்றில் பிசுபிசுத்தது. எரித்த கரும்புத் தோகையின் சாம்பல் கருப்புப் பூக்களாக மிதந்து வந்து டேங்கின் மேல் உட்கார்ந்தது. மரக்கால்களின் நிழல்கள் சிமென்ட் தரையில் நீண்டு கிடந்தன. ஹெட்டின் பக்கவாட்டில் அந்தத் துளை, ஒரு நாணயம்கூட நுழையாத அளவில், கருப்பாக. மெர்வ் கட்டை விரலை அதன்மேல் வைத்தான். கிக்கரைத் தொடவில்லை.

வெதுவெதுப்பான காற்று விரலைத் தள்ளியது.

நின்றது. பிறகு விரலின் சதையை உள்ளே இழுத்தது. மறுபடி தள்ளியது. மறுபடி இழுத்தது. அவசரமே இல்லை. அது தன் மூச்சோடு ஒத்துப்போகிறது என்பது அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. மூச்சை அடக்கினான். அதுவும் அடக்கியது. அவனால் முடியாமல் போன பிறகும் அது அடக்கியது. கடைசியில் நீளமாக ஒரு காற்றை விட்டது. அதில் எண்ணெய் வாசம் இல்லை. விடியற்காலையில் பல் விளக்காத வாயின் வாடை.

அதன்பின் உள்ளே ஒரு கொட்டாவி கேட்டது.

அடக்கப் பார்த்தும் முடியாமல் மெர்வும் கொட்டாவி விட்டான்.

அன்று பகல் முழுக்க அவன் மல்லாந்து கிடந்தான். தூரத்தில் கரும்பு ரயில் தண்டவாள இணைப்புகளைத் தட்டிக்கொண்டு போனது, கூரைத் தகரம் வெயிலில் டிக் டிக்கென்று விரிந்தது, எங்கோ ஒரு நாய் குரைத்துக் குரைத்து அதுவும் அலுத்துப்போய் நிறுத்தியது. எல்லாம் அடங்கிய பிறகு பலகைத் தரைக்குக் கீழே, சரியாக அவன் முதுகுக்கு நேராக, கனமான, நிம்மதியான, எச்சில் ஒழுகும் குறட்டை ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அது தூங்கியது. அவன் விழித்திருந்தான்.

அடுத்த பகலும் அப்படியே. அதற்கடுத்த பகலும். குறட்டை மெல்லக் கொழுத்தது. நடுவில் புரண்டு படுக்கும் சத்தம் வேறு. அந்தக் கூட்டுக்குள் புரள எங்கே இடம் என்று அவன் யோசித்தான். பிறகு யோசிப்பதை நிறுத்தினான். ஆலையில் முள்ளின் முன்னால் அவன் தாடை நெஞ்சில் இடித்தது. தோளில் ஃபோர்மனின் கை.

"நாளைக்கு ஒரு நாள் பாப்பேன் மெர்வ். நல்லாத் தூங்கிட்டு வா. இல்லன்னா வராத."

அந்தக் குறட்டை தன்னுடையது என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது. அவன் தூங்க வேண்டியதை அது தூங்கிக்கொண்டிருந்தது.

காலையில் கார்லாவின் கார் திரும்பி மறையும்வரை காத்திருந்தான். ஓட்டையை அடைத்தால் போதும். பிளக்கை எடுத்தான். பிளக்கை முதலில் விரலால்தான் திருக வேண்டும். பிளக்கின் மரையும் துளையின் மரையும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருந்து, கடைசிக் கால் சுற்றுக்குத்தான் ஸ்பேனர். புதிதாக வண்டி கட்டுபவனுக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. மெர்வ் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டான். அந்தத் துளைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோக அவனால் முடியவில்லை. மரை கோணலாகக் கடித்துக்கொண்டு கீச்சென்றது. பாதியில் பிளக் சாய்ந்தபடி இறுகி நின்றது.

உள்ளே குறட்டை நின்றது.

போதும் என்று நினைத்தான். ஏறிப் படுத்தான்.

அமைதி. வீடு முழுக்க அமைதி. கைகால்கள் ஒவ்வொன்றாகக் கனத்தன. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வந்த முதல் தூக்கம் காலிலிருந்து மேலே ஏறியது.

கீழே சிமென்டில் ஏதோ உலோகம் விழுந்து உருண்டது.

எழ வேண்டும். எழ முடியவில்லை.

மரப்படியில் காலடி. கார்லா ஏதோ மறந்திருப்பாள். இன்னொரு படி. வெறும் கால். ஈரக் கால்.

கதவு.

கட்டில் ஒரு பக்கமாக இறங்கியது. பக்கத்தில் யாரோ படுத்தார்கள். பிடரியில் வெதுவெதுப்பான காற்று. தள்ளியது. இழுத்தது.

தூங்கிவிட்டான்.

கார் வந்து நிற்கும் சத்தத்தில் விழிப்பு வந்தது. சத்தம் கீழேயிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

காலை நீட்டினான். நீளவில்லை. முழங்கால் இரும்பில் இடித்தது. நெற்றியிலும் இரும்பு. முதுகிலும். எல்லாப் பக்கமும் வளைந்த, எண்ணெய் படிந்த இரும்பு. மேலே ஓர் ஓரத்தில் சின்ன வட்டமாக மாலை வெளிச்சம். அதன் குறுக்கே ஒரு சாம்பல் துணுக்கு மிதந்து போனது.

"கீழயா இருக்க?" கார்லாவின் குரல். "தூங்குனியா இல்லியா?"

"அடிச்சுப் போட்டாப்ல தூங்குனேன்." குரல் மெர்வுடையது. கரகரப்பெல்லாம் போய்த் தெளிந்திருந்தது.

"ஆமா, மூஞ்சியே மாறியிருக்கு. பத்து வயசு கொறஞ்சாப்ல."

"மேல போ. வந்து நான் டீ போடறேன்."

"நீயா?" அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "இவ்வளவு நாள் எங்க இருந்த நீ?"

மெர்வ் கத்தினான். நுரையீரலில் இருந்ததெல்லாம் தீரும்வரை கத்தினான். துளை வழியாகக் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று வெளியே போயிற்று.

"இத மட்டும் மூடிட்டு வந்துடறேன்" என்றது அவன் குரல்.

வெளிச்சம் பிறையாயிற்று. பிறை நகக்கீற்றாயிற்று. இல்லாமல் போனது. இருட்டில் பிளக் திரும்பும் சத்தம் மட்டும். ஸ்பேனர் இல்லை. விரலால். மரையை நன்றாகத் துடைத்து எண்ணெய் விட்டிருக்க வேண்டும், ஒரு கீச்சுகூட இல்லை. முதலில் பின்னால் ஒரு சிறு திருப்பு. மரை மரையைக் கண்டுகொண்டது. பிறகு முன்னால், பொறுமையாக, சுற்றுச் சுற்றாக. கார்லாவின் காலடி படியேறிப் போனது.

ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது.

கால் சுற்று.