அச்சநீக்கம்

காலை ஏழு மணிக்குச் சுவரிலிருந்த நலமானிக் கருவி வழக்கம்போலக் கேட்டது: "செல்சியா, நேற்று அம்மா தூங்கினாங்களா? சாப்பிட்டாங்களா? உன்னைப் பயமுறுத்தினாங்களா?"

மனநோய் உள்ளவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதினொரு வயது செல்சியா இரண்டு வருடமாகப் பொய்தான் சொல்லி வந்தாள். அம்மா ரெஜினா நான்கு நாளாகத் தூங்கவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று வீட்டுக் கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடியிருந்தாள். முந்தின நாள் மாலை மகளைக் குளியலறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, "உன்னக் காப்பாத்தத்தான்ட்டி" என்று வெளியே நின்று அழுதாள்.

அன்று செல்சியாவுக்குப் பொய் வரவில்லை. "பயமா இருக்கு. அம்மாவுக்கு மருந்து குடுங்க. அவளப் பாத்துக்க யாராவது வாங்க."

வந்தார்கள். ரெஜினாவை மருத்துவமனைக்கும் செல்சியாவை நிம்மதி இல்லத்துக்கும் கொண்டுபோனார்கள். இல்லத்தில் பிள்ளைகளுக்கு அச்சநீக்கம் கட்டாயம். தலையில் ஒரு பட்டை, பன்னிரண்டு அமர்வு. அதன்பின் பெற்றவரை நினைத்தால் நெஞ்சு பதறாது.

எட்டு மாதத்தில் ரெஜினா தெளிந்துவிட்டாள். மகளை அழைத்துப் போக இல்லத்துக்கு வந்தாள். நல அலுவலர் வேதநாயகி செல்சியாவைக் கூட்டி வந்தார்.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?" என்றாள் செல்சியா.

ரெஜினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச ஆரம்பித்த நாள் முதல் 'நீ' என்றே கூப்பிட்ட பிள்ளை. "ஏட்டி, என்மேல கோவமா? கோவம்னா திட்டு, அடி."

"கோவம்லாம் இல்லங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. அது உங்க தப்பு இல்ல. பாடத்துல படிச்சோம்."

ரெஜினா அலுவலரிடம் திரும்பினாள். "எம் பிள்ளைய என்ன செஞ்சீங்க?"

"பயத்தை மட்டும் தனியா எடுக்க முடியாதும்மா. பாசமும் அதோட பின்னிக் கிடக்கு. தெரிஞ்சுதான் சட்டம் போட்டாங்க. இப்ப தூக்கத்துல அலறுறதில்ல. நல்லா படிக்கிறா."

"அவ கேட்டது எனக்கு மருந்துதானே மேடம்?"

வேதநாயகி ஒப்படைப்புப் படிவத்தை நீட்டினார்.

துறைமுகச் சாலையில் பேருந்து போய்க்கொண்டிருந்தபோது ரெஜினா வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் யாராவது அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று இல்லத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். செல்சியா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, "இந்தாங்க" என்று நீட்டினாள். ரெஜினா வாங்கிக்கொண்டதும், செல்சியா ஜன்னல் பக்கம் திரும்பிக் கப்பல்களை எண்ணத் தொடங்கினாள்.