அட்டைக்குக் கீழே

திரையில் ஓடிய வீடியோவில், ஆன்டெனாக் கம்பியைக் கட்டியிருந்த நீலக் கயிறுதான் அவளை முதலில் உறுத்தியது. மூன்று முடிச்சு. கடைசி முடிச்சுக்குப் பிறகு ஒரு சாண் கயிறு வெட்டப்படாமல் தொங்கியது. அவள் கணவன் எதைக் கட்டினாலும் இப்படித்தான் மிச்சம் விடுவான்.

போர் நடப்பது கடல் தாண்டி, அவள் கால் வைத்தே இராத ஊரில். அங்குள்ளவர்கள் இணையத்தில் போடும் வீடியோக்களைப் பார்த்து, எந்தத் தெரு, எந்த நேரம் என்று உறுதி செய்து, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது அவள் வேலை. வீட்டிலேயே, துணி மடிக்கும் மேசையில் உட்கார்ந்து நான்கு வருடமாகச் செய்கிறாள். ஒலியை அடைத்துவிடுவாள். திரையின் கீழ்ப்பாதியை மறைத்து ஒரு அட்டையைச் செருகிவிடுவாள். தரையில் கிடப்பதைப் பார்த்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. இடத்தைக் கண்டுபிடிக்கக் கூரைகளே போதும். ஆளைப் பார்க்காதே, கட்டடத்தைப் பார் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

அட்டைக்கு மேலே சாய்ந்த வெயில், இடதுபக்கம் புகை, இடிந்த கைப்பிடிச் சுவர், ஓட்டை விழுந்து நீர் கொட்டும் கறுப்புத் தொட்டி, அதன் நிழல் தொட்ட துணிக்கொடி. எடுத்தவர் கை நடுங்கினாலும் இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பியிருந்தார். கடைசியில் எதிர்வீட்டின் பச்சை ஜன்னல் வந்தது, உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகச் செய்தித்தாள் ஒட்டியது.

அவள் எழுந்து திரைச்சீலையை விலக்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் அதே செய்தித்தாள்.

எந்த வீடியோவையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பார்கள். இன்னொருவர் வேறு ஊரில் இருந்தார். அவரை அழைத்தாள்.

"அண்ணா, அந்தத் தொட்டி வீடியோ பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. நம்ம ஆளு மாதிரி பொறுமையா எடுத்திருக்கான், வேலைக்கே சேத்துக்கலாம்." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஆனா இடம் தப்பா வருது. மூணு தடவ பாத்துட்டேன். அது உங்க வீட்டு மாடிம்மா."

"விளையாடாதீங்க அண்ணா."

"இதுலயா விளையாடுவேன்? நிழல அளந்தேன். மூணு நாப்பது. இன்னிக்குத் தேதி." மவுஸை மறுபடி சொடுக்கும் சத்தம் கேட்டது. "ஆனா வீடியோ நேத்தே வந்திருச்சும்மா."

மணி மூன்று இருபத்தெட்டு. மகளின் பள்ளி வேன் வீட்டு வாசலில் வந்து நிற்பது மூன்று நாற்பதுக்கு.

வேன் டிரைவரை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று அவரைக் கடிந்துகொண்டவளே அவள்தான்.

தெருமுனைக்கு ஓடி வேனை மறித்திருக்கலாம். ஆனால் சரிபார்க்காமல் எதையும் நம்பி அவளுக்குப் பழக்கமில்லை. மாடிக்கு ஏறினாள்.

கொடியில் காயும் துணியின் சோப்பு வாசனை. காலைச் சுடும் தரை. கைப்பிடிச் சுவர் முழுசாக நின்றது. தொட்டியைத் தட்டினாள், நிறைந்த தொட்டியின் கனத்த சத்தம். வானத்தில் பொட்டு மேகமில்லை. அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. எவனோ செய்த மோசடி வீடியோவுக்குப் போய் இந்தப் பயமா? இதைப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினால் தீர்ந்தது. போனை உயர்த்தினாள். பழகிய கை, இடப்பக்கத்திலிருந்து தொடங்கியது.

தெருமுனையில் வேனின் ஹாரன்.

தொட்டியின் நிழல் துணிக்கொடியைத் தொட்டது. வீடியோவில் தொட்ட அதே இடம்.

காகங்கள் கத்துவதை நிறுத்தின.

கீழே வேன் கதவு திறந்தது. "அம்மா!"

வானத்தில் மெல்லிய சீழ்க்கைபோல ஒரு சத்தம். நெருங்கியது. என்ன சத்தமென்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கு வருடமும் ஒலியை அடைத்தே பார்த்திருக்கிறாள்.

வெளிச்சம்.

பிறகு காது கேட்கவில்லை. பாதத்தின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இடதுபக்கம் புகை. கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் தெரு தெரிந்தது. நீலக் கயிற்றின் நுனி ஆடியது. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வலதுகை நடுங்கியபடி, மெதுவாக, எதையும் தவறவிடாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

இடதுகை எப்போது எழுந்ததென்று தெரியவில்லை. அது திரையின் கீழ்ப்பாதியை மூடியிருந்தது.