முத்துராணி பேர் வெட்டிய குடம்

மதியம் மூன்று பத்துக்கு ஸ்டேஷன் போன் அலறியது.

எடுத்தவர் ஏட்டு தேவசிகாமணி. கேட்டார். முகம் மாறியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அம்மா… டவுண்ல ஒரு வீட்டுக்குள்ள ஆள் செத்துக் கெடக்கானாம். மண்டை பொளந்து."

சப்-இன்ஸ்பெக்டர் ஆறுமுகத்தாய் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பேசுதது யாரு?"

"பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள். செத்தவனுக்கு சோடா குடுக்கலாமான்னு கேக்காவ."

"அப்பம் அவன் சாகலை. வண்டியை எடுங்க, ஏட்டையா."

ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் ஜீப் நுழையாது. இறங்கி ஓடினார்கள்.

புது வீடு. வாசலில் கூட்டம். உள்ளே ஹாலில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். காக்கிச் சட்டை. முப்பது வயதிருக்கும். தலைக்கடியில் சிவப்பாக ஒரு குளம்… பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல். அதற்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம்!

ஆறுமுகத்தாய் குனிந்து அவன் மூக்கில் விரல் வைத்தாள். மூச்சு இருந்தது. கொஞ்சம் பிராந்தி வாசமும் இருந்தது.

ஆம்புலன்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவன் சட்டைப் பையில் இருந்த லைசென்ஸ் பெயர் சொன்னது. முப்பிடாதி. லோடு ஆட்டோ டிரைவர். ஊர் விக்கிரமசிங்கபுரம். இன்னொரு பையில் ஒரு சாவி. பச்சை நூல் கட்டிய சாவி.

அந்தச் சாவியைக் கதவில் போட்டுப் பார்த்தாள்.

கச்சிதமாகத் திரும்பியது!

வீட்டுக்காரி சுகிர்தா சுவரோடு சாய்ந்து நின்றாள். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தோளில் இன்னும் கைப்பை தொங்கியது. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வந்தாளாம். கேட்டைத் திறந்தாளாம். உள்ளே 'ணங்' என்று சத்தமாம். ஓடிப் போய்ப் பார்த்தால் இவன். உடனே கத்தினாளாம்.

பார்வதியம்மாளோ வேறு மாதிரி சொன்னாள். சத்தமும் அலறலும் ஒன்றாகத்தான் கேட்டன. எது முந்தி, எது பிந்தி என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் டீச்சருக்குக் கோபம் வந்தால் கை நீளும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சொல்லியிருக்கின்றன.

ஆறுமுகத்தாய் தரையில் உட்கார்ந்து குடத்தைப் பார்த்தாள். தொடவில்லை. வெறுமனே பார்த்தாள். அடியிலிருந்து கழுத்து வரை… மெதுவாக.

கழுத்துக்குக் கீழே உளியால் வெட்டிய எழுத்துகள். அழுக்கு ஏறி, கறுத்து…

அன்பளிப்பு: மு. முத்துராணி, விக்கிரமசிங்கபுரம்.

"யாரு இந்த முத்துராணி?"

சுகிர்தா பதில் சொல்லவில்லை.

ஆறுமுகத்தாயும் திரும்பக் கேட்கவில்லை. அதுதான் அவள் பாணி. பதினோரு வருஷ சர்வீஸில் அவள் ஒருவரையும் அடித்ததில்லை. ஒரு கேள்வி கேட்பாள். அப்புறம் வாயை மூடிக்கொள்வாள். எதிரில் இருப்பவர்களுக்கு அந்த மௌனம் லத்தியை விட வலிக்கும்.

மேலே ஃபேன் சுற்றியது. யாரோ வாசலில் இருமினார்கள்.

"ஃப்ரெண்டு," என்றாள் சுகிர்தா கடைசியில். "ஃப்ரெண்டா இருந்தா."

"நம்பர் இருக்கா?"

சுகிர்தா போனை எடுக்கவில்லை. பத்து எண்களையும் மனப்பாடமாகச் சொன்னாள்.

ஆறுமுகத்தாய் அதைக் குறித்துக்கொண்டாள். நம்பரை அல்ல… அந்த மனப்பாடத்தை!

ஆறு மணிக்கு முத்துராணி வந்து சேர்ந்தாள். நூல் மில்லில் ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்ம் சேலையோடு பஸ் ஏறியிருந்தாள். முடியில் பஞ்சுத் தூசி.

ஸ்டேஷனில் ஒரே ஒரு பெஞ்சுதான் உண்டு. சாய்மானத்தில் பெயின்டால் எழுதியிருக்கும்: அன்பளிப்பு, ஆரிப் பர்னிச்சர். அதன் ஒரு முனையில் சுகிர்தா. மறுமுனையில் முத்துராணி. நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

மேஜை மேல் குடம். பாலிதீன் பையில்.

முதல் கால் மணி நேரத்தில் கதை முழுக்க வெளியே வந்தது. இரண்டு பேரும் ஆறாங்கிளாஸில் இருந்து ஒரே பெஞ்ச். சுகிர்தா கல்யாணத்துக்கு, மில்லில் வாங்கின முதல் சம்பளத்தில் முத்துராணி வாங்கிக் கொடுத்ததுதான் இந்தக் குடம். ஊர் வழக்கப்படி கொடுக்கிறவள் பேரை வெட்டித்தான் கொடுத்தாள். சுகிர்தா புது வீடு கட்டியதும் மாற்றுச் சாவியை முத்துராணியிடம் கொடுத்து வைத்தாள். அப்படி ஒரு ஒட்டு!

அது உடைந்தது நாலு மாசத்துக்கு முன்னால். சுகிர்தா மகளுக்குக் காதுகுத்து. எல்லார் வீட்டுக்கும் நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தவள், முத்துராணிக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பிவிட்டாள்.

"ஊரெல்லாம் வெத்தல பாக்கு. எனக்கு மட்டும் போன்ல படம்," என்றாள் முத்துராணி, ஏட்டைப் பார்த்து. "அந்த டீச்சர்ட்ட கேளுங்க, நான் என்ன குரூப்ல ஒரு ஆளான்னு."

"வீட்டு ஆளுக்கு யாராச்சும் பத்திரிகை வைப்பாங்களா?" என்றாள் சுகிர்தா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

முத்துராணி காதுகுத்துக்குப் போகவில்லை. சுகிர்தா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அப்புறம் முத்துராணி வைத்த அம்பாசமுத்திரம் வக்கீலிடமிருந்து சுகிர்தாவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அதில் பதினோரு பொருள்கள். பித்தளைக் குடம், மிக்சி, பட்டுச்சேலை, மாவு சலிக்கிற சல்லடை வரை! எல்லாமே 'தற்காலிக உபயோகத்துக்காக மட்டுமே' கொடுக்கப்பட்டவை. உடனே திருப்பித் தர வேண்டும். சுகிர்தாவும் விடவில்லை. அன்பளிப்பு அன்பளிப்புதான், ஒரு கரண்டி கூடத் தர முடியாது என்று பதில் நோட்டீஸ் அனுப்பினாள்.

"அதான் சாவியக் குடுத்து முப்பிடாதிய அனுப்பினீங்களா?"

முத்துராணி தலையாட்டினாள். டீச்சர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகச் சொன்னாள். மத்ததெல்லாம் கிடக்கட்டும், குடத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னாள். என் குடத்தை நான் எடுக்க எவளைக் கேட்கணும்?

ஆறுமுகத்தாய் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"இப்பம் ரெண்டு பேரும் பைய கேளுங்க. சட்டம் ரொம்பச் சின்னது. ஒரு பொருளை ஒருத்தி மனசாரக் குடுக்கா. இன்னொருத்தி கைநீட்டி வாங்கிட்டா. முடிஞ்சு போச்சு. அந்த நிமிஷத்துல இருந்து அது வாங்குனவ சொத்து. அப்புறம் மூஞ்சியில முழிக்காட்டாலும் சரி, திருப்பிக் கேக்க முடியாது. சொல்லாம எடுத்தா திருட்டு. இரவலாக் குடுத்தாத்தான் குடுத்தவளோடது."

இரண்டு பேரும் குடத்தைப் பார்த்தார்கள்.

"குடம் டீச்சரோடதுன்னா, அந்தப் பய திருடன். சாவி குடுத்து அனுப்பினது முத்துராணி. கேஸ் ஆனா மில்லுல வேலை இருக்காது. வீட்டுல புகுந்த திருடன அடிக்க டீச்சருக்கு உரிமை இருக்கு."

நிறுத்தினாள்.

"குடம் முத்துராணியோடதுன்னா, அவன் திருடன் இல்ல. சொந்தக்காரி அனுப்பின ஆளு. அவன் மண்டைய ஒடச்சவங்க உள்ள போகணும். கவர்மென்ட் டீச்சர், உள்ள போன அன்னைக்கே சஸ்பெண்ட். நோட்டீஸ்ல ஆளுக்கொண்ணு சொல்லுதீங்க. எனக்கு ஒரே பதில்தான் வேணும். குடம் யாரோடது?"



வெளியே டவுண் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஏட்டு வாயைத் திறந்தார். ஆறுமுகத்தாய் ஒரு விரலைத் தூக்கினாள். வாய் மூடிக்கொண்டது.

முத்துராணி சேலை முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். பஞ்சு தீர்ந்து போனது. அப்புறமும் விரல்கள் எடுத்துக்கொண்டே இருந்தன… சுகிர்தா கடிகாரத்தை விட்டுத் தன் செருப்பைப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம்.

இரண்டு நிமிஷம்.

"குடம் அவளோடதுதான், மேடம்," என்றாள் முத்துராணி. "நான் குடுத்தது. என் கையால குடுத்தது. நோட்டீஸ்ல இருக்கது பொய்யி. அவ அடிச்சிருந்தா திருடனத்தான் அடிச்சிருக்கா. என்மேல எழுதிக்கோங்க."

ஆறுமுகத்தாய் பேனாவை எடுத்தாள்.

"எழுதாதீங்க மேடம்!" சுகிர்தா எழுந்தே விட்டாள். "குடம் இவளோடது. இரவலாத்தான் வாங்கி வச்சிருந்தேன். பேரே அவ பேரு போட்டிருக்கு பாருங்க. அவ பொருள அவ எடுத்தா எப்படித் திருட்டாகும்?"

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அன்பளிப்புன்னு வெட்டியிருக்கு."

"கடைக்காரன் தப்பா வெட்டிட்டான்."

"பக்கத்துல நின்னு வெட்டச் சொன்னது நானு. உனக்கு என்னட்டி தெரியும்?"

ட்டி!

தோழிகள் உரிமையோடு கூப்பிட்டுக்கொள்ளும் அந்த வார்த்தை, நாலு மாசத்தில் முதல் தடவையாக, பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. சொன்னவளே திடுக்கிட்டாள். கேட்டவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஏட்டு தேவசிகாமணி நெற்றியைத் தேய்த்தார். இத்தனை நாள் ஆளுக்கு ஒரு வக்கீல் வைத்து என்னுது, என்னுது என்றவர்கள். இப்போது உன்னுது, உன்னுது என்று சண்டை போடுகிறார்கள். எந்தப் பிரிவில் எழுதுவது?

இரண்டு வாக்குமூலங்களும் வாங்கப்பட்டன. இரண்டிலும் கையெழுத்து. ஆறுமுகத்தாய் அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். அப்புறம் பாலிதீன் பையைப் பிரித்தாள்.

"டீச்சர், பித்தளைக் குடத்தை எப்பம் தேய்ப்பீங்க?"

"பொங்கலுக்கு மட்டும். மத்த நாளெல்லாம் பரண்லதான் இருக்கும்."

"அதான் இம்புட்டுத் தூசி. ஒரு பொம்பளை குடத்தைத் தூக்குனா எங்கன பிடிப்பா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை மடக்கிக் காட்டினார்கள். கழுத்தில்.

"இங்கன பாருங்க. கழுத்துத் தூசி கலையவே இல்ல. அடிப்பக்கம் மட்டும் பத்து விரல் பதிஞ்சிருக்கு. பெரிய விரல். ஸ்டூல்ல ஏறி, எட்டாத பரண்ல இருந்து குடத்தை அடியப் பிடிச்சு இழுத்த ஆம்பள விரல். அவன் இழுத்த நேரம் நீங்க கேட்டத் தெறந்திருக்கீங்க. அவன் பதறியிருக்கான். ஸ்டூல் ஆடியிருக்கு. ஏற்கெனவே பிராந்தி வேற ஆட்டிக்கிட்டு இருந்திருக்கு…"

"அப்பம்… யாரும் அடிக்கலையா?" என்றாள் முத்துராணி.

"யாரும் அடிக்கலை. குடம் விழுந்துது. அஞ்சு மணிக்கு அவனும் கண் முழிச்சு ஆஸ்பத்திரியில இதையேதான் சொல்லியிருக்கான்."

முத்துராணி சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தா முத்துராணியைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்கேவா?" சுகிர்தா திணறினாள். "தெரிஞ்சுக்கிட்டா எங்கள இம்புட்டு நேரம்…"

"யாரும் அடிக்கலைன்னுதான் தெரியும். குடம் யாரோடதுன்னு தெரியாதே. அது தெரியாம திருட்டா இல்லையான்னு எப்படி எழுத?" ஆறுமுகத்தாய் இரண்டு தாள்களையும் தட்டினாள். "இப்பமும் தெரியலை. டீச்சர் எனக்குச் சொந்தமில்லங்காங்க. முத்துராணியும் எனக்குச் சொந்தமில்லங்காங்க. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. அப்பம் சொந்தக்காரங்க இல்லாத பொருள். கோர்ட்டுக்குப் போகும். அங்க ஏலம் போடுவாவ. அதுவரைக்கும் இங்கன கெடக்கட்டும். ஏட்டையா, ஸ்டேஷன் பிளாஸ்டிக் குடம் ஓட்டையாத்தானே இருக்கு?"

"ஒரு வாரமா ஒழுகுது, அம்மா."

தேவசிகாமணி எழுந்து வந்தார். கையை நீட்டினார். குடத்தின் கழுத்தைப் பிடித்தார்…

இரண்டு பெண்களும் பாய்ந்தார்கள்!

முத்துராணி வாய்ப்பக்கம். சுகிர்தா அடிப்பக்கம். ஏட்டு கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"அது எங்க குடம்," என்றாள் சுகிர்தா.

யாரும் பேசவில்லை. ஆறுமுகத்தாய் அந்த மௌனத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பிறகு இரண்டு வாக்குமூலங்களையும் சேர்த்துக் கிழித்தாள். சுகிர்தாவிடம் புகார் எதுவும் இல்லை என்று ஒரே வரியில் எழுதி வாங்கினாள். கடைசியாக டிராயரைத் திறந்து பச்சை நூல் கட்டிய சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

இது யாரோடது என்று அவள் கேட்கவில்லை.

முத்துராணி சாவியைப் பார்த்தாள். தொடவில்லை. சுகிர்தா அதை எடுத்தாள். குடத்துக்குள் போட்டாள். குடத்தை முத்துராணி இடுப்பில் ஏற்றினாள்.

"ஏழரை பஸ்ஸை விட்டா அடுத்தது எட்டேகாலுக்குத்தான்," என்றாள் முத்துராணி.

"சாப்பிட்டுட்டுப் போலாம்ட்டி. வத்தக்கொழம்பு இருக்கு."

"வாட்ஸ்அப்ல கூப்பிட்டா நான் வரமாட்டேன்."

வாசலில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. குடத்துக்குள் சாவி கிலுங்கிற சத்தம் மட்டும் தெரு முனை திரும்புகிற வரைக்கும் கேட்டது.

மறுபடியும் போன் அலறியது!

தேவசிகாமணி எடுத்தார். கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிசீவரைப் பொத்தினார்.

"முப்பிடாதி, அம்மா. நர்ஸ் போன்ல இருந்து பேசுதான். தலையில ஏழு தையலாம். இதுக்கு யாரு பொறுப்புன்னு கேக்கான்."

ஆறுமுகத்தாய் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"அது குடம் குடுத்த அன்பளிப்புன்னு சொல்லுங்க, ஏட்டையா. தலைநீட்டி வாங்கிட்டான்… இனிமே திருப்பிக் குடுக்க முடியாது!"