பெங்களூரிலிருந்து ஒரு வாசகன்

மைசூர் மண்டி மொஹல்லாவின் குறுகலான மாடிப்படியில் சுலோசனா ஏறி வந்தபோது, போலீஸில் கொடுக்க எழுதிய புகார் அவள் கைப்பையில் இருந்தது. அதைக் கொடுப்பதற்கு முன் துப்பறிவாளர் கனகாவை ஒருமுறை பார்த்துவிடு என்று தொழிற்சாலைத் தோழி சொல்லியிருந்தாள்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். கனகா நாற்காலியைக் காட்டினாள். அவளுக்குத் துணையாக இருக்கும் தாய்மாமா ரத்தினவேல், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

"என் தம்பி கவின்ராஜ் வீட்டை விட்டுப் போய் ஏழு மாசமாச்சுங்க. பெங்களூர்ல உமேஷ்னு ஒரு சிநேகிதன். அவன்தான் ஒளிச்சு வச்சிருக்கான்."

"எதை வச்சுச் சொல்றீங்க?" என்றாள் கனகா.

சுலோசனா கைப்பேசியை நீட்டினாள். குக்கரஹள்ளி ஏரிப் பறவைகளைப் படம் பிடித்து, கவின்ராஜ் தமிழில் எழுதி வந்த வலைப்பூ. கன்னடத்தில் படித்தவன் என்பதால் எழுத்துப் பிழை திருத்துவது அக்காதான். அதனால் கடவுச்சொல் அவளிடமும் இருந்தது. உள்ளே, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பார்வைக் கணக்கு. அவன் போன பிறகும் தினமும் யாரோ வந்திருந்தார்கள். ஊர் பெங்களூர். பார்த்தது கைப்பேசியில்.

"அவனைத் தவிர இதை யாருங்க தேடி வருவாங்க? காலையில வர்றான். சாப்பாட்டு நேரத்துல வர்றான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி வர்றான். சில சமயம் நான் பார்த்துட்டு இருக்கறப்பவே அவனும் பார்க்கறான்."

"சாயங்கால ரயிலுக்கே நான் கிளம்பறேன் கனகா" என்றார் ரத்தினவேல்.

"இருங்க மாமா. ஏம்மா, உங்க பார்வையும் இந்தக் கணக்குல சேருமே?"

"சேராதுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்."

எப்படித் தெரியும் என்பதை அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையே கதி என்று கிடந்த தம்பி, தினமும் நாற்பது பேர் படிக்கிறார்கள் என்று பெருமை பேசினான். அத்தனையும் வீட்டுக் கணினியில் அவனே போய்ப் போய்ப் பார்த்தது என்று அவனுக்கு எடுத்துக் காட்டியவள் அவள்தான். 'என் வருகையைக் கணக்கில் சேர்க்காதே' என்ற கட்டத்தில் அதே கணினியில் குறியும் போட்டாள். மறுநாள் உறவுக்காரர்கள் இருந்த கூடத்தில் கணக்கைத் திறந்தாள். பூஜ்யம். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே அவன் போய்விட்டான்.

கனகா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நடுவுல எப்பவாவது வராம இருந்தானா?"

"போன மாசம் ரெண்டு நாள். காய்ச்சலோ என்னவோன்னு பதறிட்டேன். என் போன் வேற உடைஞ்சு ரிப்பேர் கடையில கெடந்துச்சு. வீட்டுக் கம்ப்யூட்டர்லயே பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்."

"உமேஷ் என்ன சொல்றார்?"

"அவன் மாமனார் வீட்டு ஆளுங்க இருக்கறப்பவே போய்க் கேட்டேன். 'தேவராணெ, அவன் பெங்களூர்லயே இல்ல அக்கா'ன்னு சத்தியம் பண்றான்."

"புகார் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உங்க பையிலேயே இருக்கட்டும்" என்றாள் கனகா.

ஞாயிறன்று, கனகா கூப்பிட்டதால், உமேஷ் வந்தான். சுலோசனாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்தான். ரத்தினவேலின் மடிக்கணினியில் கணக்குப் பக்கம் திறந்திருந்தது.

"சுலோசனா, உங்க போன்ல வலைப்பூவைத் திறங்க."

அவள் திறந்தாள். கணக்கு ஒன்று கூடியது. பெங்களூர்.

"வந்துட்டான் கனகா, இப்ப உள்ளதான் இருக்கான்" என்று ரத்தினவேல் எழுந்தேவிட்டார்.

"இன்னொரு தடவை திறங்கம்மா."

இன்னும் ஒன்று கூடியது. மூன்றாவது முறையும் அப்படியே. ரத்தினவேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீங்க போட்ட குறி, போட்ட கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். உங்க போனுக்கு அது தெரியாது" என்றாள் கனகா. "போன் மைசூர்ல இருந்தாலும் அதோட இன்டர்நெட் பெங்களூர் வழியா வெளியே போகுது. கணக்கு அந்த ஊர்ப் பேரை எழுதிடுது. உங்க சாப்பாட்டு நேரம்தான் அவன் சாப்பாட்டு நேரம். உங்க போன் கடையில கெடந்த ரெண்டு நாள்தான் அவன் வராத ரெண்டு நாள்."

சுலோசனா கைப்பேசித் திரையைப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளா நான் பார்த்தது..."

"உங்களைத்தான்."

"ஒண்ணுகூடவா அவன் இல்ல?"

"உங்களுதை எடுத்துட்டா, எதையோ தேடி வந்து தவறி இதுக்குள்ள நுழைஞ்சவங்க சிலபேர். உங்க தம்பின்னு சொல்ல எதுவுமில்ல."

உமேஷ் எழுந்தான். "ஆய்தல்லா மேடம், முடிஞ்சுதுல்ல? நான் போகலாமா?"

"உட்காருங்க உமேஷ். என் வீட்ல இல்லைன்னு நீங்க சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். பெங்களூர்லயே இல்லைன்னு சத்தியம் பண்ணினீங்க. அத்தனை பெரிய ஊர்ல ஒருத்தன் இல்லைன்னு, அவன் இருக்கிற இடம் தெரிஞ்சவர்தான் சத்தியம் பண்ண முடியும்."

கீழே சந்தில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. உமேஷ் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கௌதள்ளிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துல வேலை பார்க்கறான். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பட்டன் போன்தான் வச்சிருக்கான். வலைப்பூவைப் பத்திப் பேச்செடுத்தாலே எழுந்து போயிடறான். யார்கிட்டயும் சொல்லாதேன்னான். இருந்தாலும் உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன் அக்கா. அதுக்குள்ள நீங்க வந்து, எல்லார் எதிர்லயும் என்னைத் திருடன் மாதிரி..."

உமேஷ் முதல் முறையாக சுலோசனாவை நிமிர்ந்து பார்த்தான்.

"மறுநாளே அவன் போன் பண்ணினான். 'அக்கா என்னைத் தேடறாளா'ன்னு கேட்டான். எனக்கு ஆத்திரம். இல்லைன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல."

ரத்தினவேல் கனகாவைப் பார்த்தார்.

சுலோசனா அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"கௌதள்ளிக்கு இப்பவே பஸ் கிடைக்குங்களா?"

"கொள்ளேகால் போய் மாறணும்மா" என்றார் ரத்தினவேல்.

அவள் வாசலில் செருப்பை மாட்டினாள். பின்னால் உமேஷின் குரல் கேட்டது.

"தோட்டம் ரொம்ப உள்ள இருக்கு அக்கா. தனியாப் போனா கண்டுபிடிக்க முடியாது."

சில படிகள் இறங்கியவள், அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வரும்வரை சுவரைப் பிடித்தபடி நின்றாள்.