தாகமெடுத்த ஏரி

தோணிப்பாக்கத்து ஏரியில் யாரும் மூழ்க முடியாது. இறங்கினால் இடுப்புக்கு மேல் உடம்பு தானாகவே மிதந்து நிற்கும். நீச்சல் தெரியாதவர்கள்கூட மல்லாந்து படுத்துக்கொண்டு சுண்டல் கொறிப்பார்கள். அதனால் படித்துறையில் உயிர்காவலராக இருந்த செலினுக்கு, வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் வந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு புதுமாப்பிள்ளை கத்தும்வரைக்கும்.

"ஏனுங்க, இங்க வாங்களேன்! இவ பேசவே மாட்டேங்கறா!"

செலின் பாய்ந்து போய் அந்தப் பெண்ணைப் படிக்கு இழுத்து வந்தாள். மருதாணி இன்னும் அழியாத கை. அந்தக் கையின் தோலைக் கிள்ளித் தூக்கினால், தூக்கியது அப்படியே நின்றது. உதடு வெடித்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழுதாள், முகம் கோணியது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

"தண்ணிக்குள்ள எவ்ளோ நேரமா இருக்கீங்க?"

"காலைல இருந்துங்க. சுகமா இருக்குன்னு வரவே மாட்டேன்னுட்டா."

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்துப் பாட்டில் ஏற்றிய பிறகுதான் அவள் பிழைத்தாள். தண்ணீரிலேயே கிடந்த ஒருத்தி தண்ணீர் வற்றிப்போய் வந்திருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார்.

ஏரியில் இருப்பது தண்ணீர் அல்ல என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் தோணிப்பாக்கம் துறைமுகமாக இருந்தது. உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஏற்றிய படகுகள் இந்த ஏரி வழியாகக் கடலுக்குப் போயின. மேலே ஆற்றில் அணைகள் வந்தன, முகத்துவாரம் தூர்ந்தது, ஏரி வெடித்த சேறாகிப் போனது. அப்போதுதான் விஞ்ஞானி நிலோபர் மணிநீரைக் கண்டுபிடித்தாள். கண்ணாடி போன்ற மணிகள். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் பூட்டிக்கொள்ளும். வெயிலால் அதைத் தொட முடியாது. சேற்றில் மணிகளைத் தூவினார்கள். ஏரி கரை தொட்டு நிறைந்தது, நீலமாக. சரக்குப் படகுகள் நின்ற இடத்தில் சுற்றுலாப் பேருந்துகள் நின்றன.

செலின் கூப்பிட்டதும் நிலோபர் நகரத்திலிருந்து ஓடி வந்தாள். நகராட்சித் தலைவர் எத்திராஜுலுவும் கூட நின்றார். நிலோபர் ஒரு வெள்ளரிக்காயை வலைப்பையில் போட்டு ஏரியில் இறக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து மேலே தூக்கியபோது பையில் இருந்தது வற்றல்.

"போன வருஷம் இப்படி இல்ல," என்றாள் நிலோபர். "காத்துல ஈரம் தீர்ந்துபோச்சு. மணிக்கு வேற எங்கயிருந்தும் கிடைக்கல. அதனால உள்ள இறங்குறவங்ககிட்ட எடுக்குது."

"கண்ணாடி மணி இன்னா பண்ணும், அதுக்கு இன்னா மூளையா கீது?" என்றார் எத்திராஜுலு.

"மூளை வேண்டாம் சார். விளக்குத் திரி எண்ணெயைத் தேடியா குடிக்குது? ஒரு மணிக்கு ஈரம் பட்டா பக்கத்து மணியும் அந்தப் பக்கம் நகரும். அந்தக் குணத்தை நாங்கதான் வெச்சோம்."

"எதுக்கும்மா?"

"அலை வேணும்னு நீங்கதான் கேட்டீங்க."

செலினுக்குப் பொறுக்கவில்லை. "தலைவரே, இப்பவே மூடுங்க. இல்லாட்டி நானே படியில நின்னு ஒவ்வொருத்தரா திருப்பி அனுப்புவேன். ஒரு சாவு வுழட்டும்னு காத்துனு இருக்கீங்களா?"

மூடினார்கள். படித்துறைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். விடுதிகள் காலியாயின. அன்றிரவு செலின் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் கணவன் லூர்துக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தவள், தெருவில் நாய் ஒன்று ஊளையிடுவதைக் கேட்டாள். ஊளை பாதியில் நின்றது. ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

ஏரி தெருவுக்கு வந்திருந்தது.

வெள்ளம் போல் இல்லை. சத்தமே இல்லை. நீலமான ஒரு விரிப்பை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு வருவதைப் போல், மேட்டில் ஏறி வந்தது. மீன் கடையின் ஈரச் சாக்கில் ஏறி மூடியது. எதிர்வீட்டு வாசலில் அப்போதுதான் தெளித்திருந்த தண்ணீரின் மேல் பரவி நின்றது. பிறகு அந்த இடம் வெளுத்துக் காய்ந்திருக்க, அது நகர்ந்தது. நாய் கிடந்த இடத்தில் தோலும் எலும்பும் இருந்தன.

அது இவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஏன் என்று செலினுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். லூர்துக்குக் காய்ச்சல் விட்டு வியர்த்துக்கொண்டிருந்தது. சட்டை, தலையணை எல்லாம் நனைந்திருந்தன.

"செலினு, தண்ணி குடும்மா," என்றான் கண்ணைத் திறக்காமல்.

கதவடியில் ஒரு பளபளப்பு நுழைந்தது. தரையில் நாக்குப் போல் நீண்டு, கட்டில் காலைத் தொட்டு, மேலே ஏறத் தொடங்கியது. செலின் அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையைத் தூக்கி வாசல் பக்கம் வீசினாள். பளபளப்பு நின்றது. திரும்பியது. அத்தனை மணிகளும் கஞ்சியை நோக்கிச் சரசரவென்று ஓடின. அவள் புருஷனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, கொல்லைப்புற ஏணி வழியாக மாடிக்கு இழுத்துப் போனாள். தன் வியர்வை சொட்டிய ஒவ்வொரு படியிலும் கீழே அது வந்து நிற்பதைப் பார்த்தாள்.

பொழுது சாயும் முன்பே ஊர் மாடி விட்டு மாடி தாண்டிப் பள்ளிக்கூடத்து மாடியில் கூடிவிட்டது. எல்லாரும் வாயைத் துண்டால் பொத்தியிருந்தார்கள், மூச்சின் ஈரம்கூட வெளியே போய்விடக் கூடாது என்று.

"எரிச்சிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு ஏரியையா?" என்றாள் நிலோபர்.

"அப்போ ஊரைக் காலி பண்ணினு போயிடலாம்," என்றாள் செலின்.

"நாம போற இடத்துக்கு அதுவும் வரும். வழியில இருக்குற ஊர்லயும் மனுஷங்கதான இருக்காங்க? மழை வந்தா அடங்கும். ஆனா மழைக்கான ஈரத்தையே இதுதான் குடிக்குது."

எத்திராஜுலு வாயிலிருந்த துண்டை விலக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஜனம் வந்து குளிச்சினு இருந்தப்போ இது கரையைத் தாண்டல. மூடுனதுக்கு அப்பறம்தான் ஏறுது."

நிலோபர் மறுப்பாள் என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மறுக்கவில்லை.

"அரை மணி நேரம்னா ஒண்ணும் ஆகாது," என்றாள் கடைசியில். "கொஞ்சம் தாகம் எடுக்கும். அவ்ளோதான். நிறையப் பேர் வந்தா, ஆளுக்குக் கொஞ்சம்."

எல்லார் கண்களும் செலின் மேல் விழுந்தன. மூடச் சொன்னவள் அவள்தான். அவளுக்கு அந்தப் புதுப்பெண்ணின் வறண்ட அழுகை ஞாபகம் வந்தது. மூலையில் சுருண்டு படுத்திருந்த லூர்துவையும் பார்த்தாள்.

"சரி," என்றாள். "ஆனா நேரத்தை நான் பார்த்துப்பேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட வுட மாட்டேன்."

கயிறு அவிழ்ந்தது. பாதிக் கட்டணம் என்று விளம்பரம் போனது. பேருந்துகள் திரும்பி வந்தன; ஏரி தெருவைவிட்டு இறங்கித் தன் படிகளுக்குள் அடங்கியது. செலின் கழுத்தில் விசிலோடு படியில் நின்றாள். அரை மணி ஆனால் ஊதுவாள். மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களைக் கையைப் பிடித்து இழுப்பாள். கரையேறுகிறவர்களுக்கு இளநீர் கொடுப்பாள். கோடை முழுக்க ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏரியில் குளித்தால் நன்றாகப் பசியெடுக்கிறது, தூக்கம் வருகிறது என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பேருந்திலிருந்து யாராவது தடித்த ஆள், முதுகெல்லாம் வியர்வையோடு இறங்கினால், தன் மனசு சந்தோஷப்படுவதை அவள் கவனித்தாள். அன்றைக்கெல்லாம் அவளால் சோறு தின்ன முடியாது.

பிறகு பள்ளிகள் திறந்தன. கூட்டம் குறைந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு வேன் வந்தது. ஒரு குடும்பம். அப்பா, அம்மா, சித்தி, பிள்ளைகள். இறங்கியதும் சிரிப்பும் கூச்சலுமாக மிதந்தார்கள். செலின் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். ஏரி அவள் நின்ற படிக்கு ஏறி வந்திருந்தது. பின்னால் தெரு. தெருவில் அவள் வீடு.

அவள் ஒரு படி மேலே ஏறி நின்றாள். அரை மணி ஆனது.

"அக்கா, டைம் ஆயிடுச்சா?" என்று தண்ணீருக்குள்ளிருந்து அந்த அம்மா கேட்டாள்.

செலின் விசிலை வாயில் வைத்தாள். காலடியில் நீலம் அசையாமல் காத்திருந்தது.

"இல்லம்மா," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."