காம்பின் துரு

பரிதி ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கயிறு, டார்ச், சாக்கு எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினான்.

போர்ட் பிளேர் படகுத்துறையில் இருவர் காத்திருந்தார்கள். ஒருவன் படகு மெக்கானிக் இருளப்பன். இன்னொருத்தி செம்மலர், பரிதியின் மனைவியான அரசிக்குத் தங்கை.

அரசி வரலாறு கற்பித்தவள். இரண்டாம் உலகப் போர் முடிவில் சரணடையும் முன் ஒரு ஜப்பானிய அதிகாரி தீவுக் குகையில் தன் வாளை ஒளித்தான், அது பட்டறையில் மொத்தமாக அடித்த போர்க்கால வாள் அல்ல, முந்நூறு வருடக் குடும்ப வாள் என்று கட்டுரை எழுதினாள். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் நம்ப முடியாது என்று ஆய்விதழில் திருப்பி அனுப்பினார்கள். வாளைத் தேடிப் போனவள், சென்ற ஏப்ரலில் அந்தக் குகை வாயருகே மூழ்கினாள். சான்றிதழ் கிடைத்தால் அவள் சொன்னது நிற்கும். பரிதிக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

படகில் தீவை அடைந்தார்கள். நண்பகலில் கடல் வற்றியதும் குகை வாய் திறந்தது. ஒரு மணி நேரம்தான். செம்மலர் கயிற்றை அவன் இடுப்பில் இறுக்கினாள்.

"முடிச்சை நான்தான் போடுவேன் அத்தான். உங்க முகத்தைப் பாத்தா திரும்பி வர்ற ஆள் மாதிரியே இல்ல."

உள்ளே மார்பளவு தண்ணீர். வௌவால் நாற்றம். பாறை முழங்கையைக் கிழித்தது. ஊர்ந்தான். மேல் இடுக்கில் கை விட்டான். மரப்பெட்டி தொட்டதும் உதிர்ந்தது. மெழுகுத் துணிச் சுருள் ஒன்று கையில் வந்தது. அதற்குள் தண்ணீர் கழுத்துக்கு ஏறிவிட்டது. கயிற்றை மூன்று முறை இழுத்தான். வெளியே இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். உப்புநீரைக் கக்கியபடி வெளியே வந்தான். உறையும் பிடியுமாக வாள் முழுசாக இருந்தது. யாரும் கூச்சலிடவில்லை.

வீட்டில் வைக்க அவனுக்கு மனமில்லை. இருளப்பனின் பட்டறை அலமாரியில் வைத்தார்கள். அலகில் விரல்கூடப் படக்கூடாது என்று பரிதி எச்சரித்தான்.

ஒரு மாதம் கழித்து, காவல்துறை அனுமதிக் கடிதத்தோடு மூவரும் கப்பலேறினார்கள். சென்னை ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் வாள்களைப் பரிசோதிக்க ஹோரிகாவா என்ற நிபுணர் வந்திருந்தார்.

அவர் வாளை வணங்கிவிட்டு உருவினார். விளக்கொளியில் சாய்த்தார். கூர்விளிம்பு நெடுக வெண்மையாக ஓர் அலைக்கோடு ஓடியது. அவர் மூச்சை அடக்கிப் பார்த்தார். செம்மலர் பரிதியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர் பிடியின் மூங்கில் ஆணியைத் தட்டி, பிடியைக் கழற்றினார்.

பிடிக்குள் செருகியிருந்த அலகின் அடிப்பகுதி, அதன் காம்பு, பளபளவென்று மின்னியது.

யார் துலக்கியது என்று கேட்டார். இருளப்பன் பெருமையாகக் கை தூக்கினான். ஆயுத பூஜைக்கு ஸ்பானர்களோடு புளி போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருந்தான்.

"அலகைத் தொடவே இல்ல சார். கைப்பிடிக்குள்ள இருந்த அழுக்கை மட்டும்தான் எடுத்தேன். சந்தனப் பொட்டுகூட உறைமேலதான் வெச்சேன்."

ஹோரிகாவா நிதானமான ஆங்கிலத்தில் விளக்கினார். வயதைச் சொல்வது காம்பின் கருந்துருதான். அது படிய நூற்றாண்டுகள் ஆகும். நல்ல அலகின் காம்பில் பழைய கொல்லனின் பெயரைப் போலிக் கையெழுத்தாக வெட்டுவது சாதாரணம். எது உண்மை என்று துருதான் காட்டும். இனி இந்த வாளுக்குத் தரம் சொல்ல முடியாது. அரசியின் குறிப்பேட்டில் இதெல்லாம் இருந்திருக்கும். பரிதி அதை இன்னும் திறக்கவில்லை.

இருளப்பன் எழுந்து நின்றான்.

"அரசியக்கா பாத்துச்சு சார். குகைக்குள்ள போயி, துருப்பிடிச்ச காம்பையும் எழுத்தையும் பாத்துட்டுக் கத்துச்சு. அதான் அதோட கடைசிப் பேச்சு."

செம்மலர் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஹோரிகாவா பேனாவைத் திறந்தார். சான்றிதழ் கிடையாது. ஆனால் துலக்குமுன் பார்த்தவரின் சொல்லை, அவர் பெயரோடு அறிக்கையில் சேர்க்கலாம். கணவர் உறுதி சொன்னால் போதும்.

"சொல்லுங்க அத்தான்," என்றாள் செம்மலர். "அவ பேர் எங்கயாவது இருக்கட்டும்."

பரிதி பேனா முனையைப் பார்த்தான். அரசி குகைக்குள் போகவே இல்லை. வாயருகே பாறையில் நின்றாள். அலை அவள் காலை வாரியது. அவன் தண்ணீரில் இறங்கப் போனான். அவள் கை காட்டித் தடுத்தாள்.

அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னான்.

"செருப்புதான் போச்சு. நீ அங்கயே நில்லு, நான் எடுத்துட்டு வந்துடறேன்."